ஒரே கணினி, ஊருக்கு ஊர் விலை ஏன்?

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். இவ்வாண்டு யாம் ஒரு கடைத்தெருச் செய்தியை எடுத்துக்கொண்டுள்ளோம். அதற்குக் காரணம் உண்டு.

நம் குடியிருப்பைச் சேர்ந்த பெண்ணொருத்தி பொறியியற் கல்லூரியில் இடம் பெற்றாள். மடிக்கணினி ஒன்று வேண்டும் என்று கல்லூரியில் கூறினார்கள். தந்தையார் நகரில் உள்ள ஒரு கடையில் விலை கேட்டு வந்தார். அன்றிரவு துபாயில் பணிபுரியும் தாய்மாமன் தொலைபேசியில் அழைத்து, "அத்தான், இதே கணினி இங்கே ஏழாயிரம் ரூபாய் குறைவு, உங்களை ஏமாற்றுகிறார்கள்" என்றார். மறுநாள் தந்தையார் கடைக்குச் சென்று, "என்ன அண்ணாச்சி, பழகிய வீட்டிலேயே கொள்ளை அடிக்கலாமா?" என்று கேட்டுவிட்டார். கடைக்காரர் நாகர்கோவிற்காரர், இருபது ஆண்டுப் பழக்கம். அவர் முகம் வாடிற்று. "வாங்கின சீட்டைக் காட்டுகிறேன், நீங்களே பாருங்கள்" என்றார். தந்தையார் பாராமலே திரும்பிவிட்டார். அதன்பின் நம் சங்கக் கூட்டங்களில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் இரண்டு மாதம் அமர்ந்திருந்தனர்.

வணிகர் ஏமாற்றினாரா? மாமன் பொய் சொன்னாரா? இருவரும் மெய்யே கூறினர் என்பது எம் முடிவு. அஃது எங்ஙனம் பொருந்தும் என்று காட்டுவதே இச் சொற்பொழிவின் நோக்கம்.

முதலில் நம் நகரத்திலிருந்தே தொடங்குவோம். தலைமைச் செயலகத்தின் எதிரே ஒரு சிலை நிற்கின்றது. அச்சிலையால்தான் அவ்விடத்திற்கு 'ஸ்டாச்சு' என்று பெயர் வந்தது. நாள்தோறும் அங்கே பேருந்துக்குக் காத்து நிற்கிறோம். சிலைக்குரியவரை நினைப்பது குறைவு. அவரே கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய சர் டி. மாதவராவ். அவர் காலத்தில், 1865 ஆம் ஆண்டில், பிரிட்டிஷ் இந்தியா, திருவிதாங்கூர், கொச்சி ஆகிய மூன்று அரசுகளுக்கும் இடையே ஒரு வணிக உடன்படிக்கை ஏற்பட்டது. அதற்கு முன் திருநெல்வேலிச் சீமைப் பொருள் எல்லையைக் கடந்து இங்கு வரச் சுங்கம் செலுத்த வேண்டியிருந்தது. மலைக்கு இப்பால் ஒரு விலை, அப்பால் ஒரு விலை. உடன்படிக்கைக்குப் பின் பெரும்பாலான பொருள்களுக்கு அந்தச் சுங்கம் ஒழிந்தது. ஆயினும் உப்பின் விலையைப் பிரிட்டிஷ் இந்திய விலைக்கு ஒப்ப உயர்த்த வேண்டியதாயிற்று. ஒரு கோடு அழிந்தால் ஒரு பொருள் மலிகின்றது. அக்கோட்டின் பெயராலேயே மற்றொரு பொருள் ஏறுகின்றது. பொருள் மாறவில்லை, அது வந்த வழிதான் மாறிற்று. இதனை நினைவில் வைத்துக்கொண்டு கணினியிடம் வருவோம்.

கணினியின் உறுப்புகள் உலகில் ஒரு சில இடங்களிலேயே உருவாகின்றன. தைவான், தென்கொரியா, சீனம் ஆகிய நாடுகளே அவற்றுள் தலையானவை. அவ்வுறுப்புகளின் விலை பெரும்பாலும் அமெரிக்க டாலரில் பேசப்படுகின்றது. ஆதலின் தொழிற்சாலை வாயிலில் நாட்டுக்கு நாடு பெரிய வேற்றுமை இல்லை. வேற்றுமை யாவும் வழியில் சேர்கின்றன. அவை நான்கு: வரி, நாணயம், சந்தை, உத்தரவாதம்.

முதலாவது வரி. உலக வணிக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப உடன்பாட்டில் இந்தியா 1997 ஆம் ஆண்டில் சேர்ந்தது. அதன்படி 2005 ஆம் ஆண்டளவில் கணினிக்குரிய அடிப்படைச் சுங்கவரி முற்றும் நீங்கியது. அவ்வாறாயின் வரியே இல்லையா எனின், உண்டு. 2017 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த சரக்கு சேவை வரி மடிக்கணினிக்கு 18 விழுக்காடு. ஐக்கிய அரபு நாட்டில் 2018 ஆம் ஆண்டு ஏற்பட்ட மதிப்புக் கூட்டு வரியோ 5 விழுக்காடு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். துறைமுகத்தில் இறங்கும்போது ஒரு கணினியின் மதிப்பு 600 டாலர் என்றும், ஒரு டாலர் 85 ரூபாய் என்றும் கொள்வோம். மதிப்பு 51,000 ரூபாய் ஆகின்றது. இங்கே 18 விழுக்காடு வரி 9,180 ரூபாய், மொத்தம் 60,180. துபாயில் 5 விழுக்காடு வரி 2,550 ரூபாய், மொத்தம் 53,550. வணிகரின் ஊதியம் ஒரு காசும் சேராமலே 6,630 ரூபாய் வேற்றுமை வந்துவிட்டது! மாமன் சொன்ன ஏழாயிரத்தில் பெரும்பகுதி இதில் அடங்கிவிட்டதைக் காண்க. அன்றியும், வெளிநாட்டிலிருந்து வரும் 18 வயது நிறைந்த பயணி ஒருவர் ஒரு மடிக்கணினியை வரியின்றிக் கொண்டுவரச் சுங்க விதி இடம் தருகின்றது. அதே பொருளைக் கப்பலில் வரவழைக்கும் வணிகருக்கு அச்சலுகை இல்லை. இன்னும் ஒன்று உண்டு. பதிவு பெற்ற நிறுவனம் தன் தொழிலுக்குக் கணினி வாங்கினால், செலுத்திய வரியைத் தன் வரிக்கணக்கில் ஈடு செய்துகொள்ளலாம். கல்லூரிப் பெண்ணின் தந்தைக்கு அவ்வழி கிடையாது. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கினாலும் நிறுவனத்திற்கு ஒரு விலை, குடும்பத்திற்கு ஒரு விலை.

உள்நாட்டுத் தொழிலைக் காக்கவென்று வரிச்சுவர் எழுப்பிய நாடுகளும் உண்டு. நம் நாட்டிலேயே கணினிக்கு மிகக் கடுமையான இறக்குமதி வரி இருந்தது. 1984 ஆம் ஆண்டின் புதிய கணினிக் கொள்கை அதனை 60 விழுக்காடாகக் குறைத்தது. குறைத்த பின்னும் 60 எனின், முன்னர் இருந்த நிலையை எண்ணிப் பாருங்கள்! பிரேசில் நாடு அதே 1984 இல் சட்டம் இயற்றித் தன் கணினிச் சந்தையை உள்நாட்டு நிறுவனங்களுக்கென ஒதுக்கியது. 1990களின் தொடக்கத்தில் அவ்வொதுக்கீட்டைக் கைவிட்டது. அர்ஜென்டினாவில் கணினிக்கு 35 விழுக்காடு இறக்குமதி வரி இருந்தது. அந்நாட்டு மக்கள் மின்னணுப் பொருள் வாங்க மலை கடந்து சிலி நாட்டிற்குச் சென்றனர். 2017 ஆம் ஆண்டில் அவ்வரி நீக்கப்பட்டது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே நம் முன்னோர் கண்ட காட்சி ஆண்டீஸ் மலையிலும் நிகழ்ந்தது எனலாம்.

உள்நாட்டிலேயே செய்தால் மலியாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1973 இல் தோன்றிய கெல்ட்ரான் நிறுவனம் நம் நகரத்தின் பெருமை. அந்நிறுவனமும் பங்கு கொண்ட கோக்கோனிக்ஸ் என்னும் முயற்சியால் இந்நகரின் மண்விளையிலேயே மடிக்கணினிகள் பொருத்தப்பட்டன. தமிழ்நாட்டில் திருப்பெரும்புதூரில் டெல் நிறுவனத்தின் தொழிற்சாலை 2007 முதல் இயங்கி வருகின்றது. இவற்றால் வேலை பெருகும், திறன் வளரும். ஆயினும் செயலியும் நினைவகமும் திரையும் வெளிநாட்டிலிருந்தே வரும்வரை, விலையின் பெரும்பகுதி டாலரையே பின்பற்றும். இங்கே பொருத்தியது என்பதனாலேயே ஒரு பொருள் மலிந்துவிடாது.

இரண்டாவது நாணயம். மேற்கூறிய கணக்கில் டாலர் 85 இலிருந்து 90 ரூபாய்க்கு ஏறினால், கணினியின் விலை 63,720 ரூபாய் ஆகும். ஏறியது 3,540 ரூபாய். மதிப்பு ஏற, வரியும் தானே ஏறுகின்றது. இதன் கொடுமையை 2022 இல் இலங்கை மக்கள் கண்டனர். அவ்வாண்டு மார்ச்சுத் தொடக்கத்தில் ஒரு டாலர் ஏறத்தாழ 200 இலங்கை ரூபாய். மே மாதத்தில் ஏறத்தாழ 360. யாழ்ப்பாணத்து மாணவன் ஒருவன் பங்குனியில் வாங்கலாம் என்று ஒத்திவைத்த கணினி, வைகாசியில் அவன் கைக்கு எட்டாத உயரத்திற்குச் சென்றுவிட்டது. கணினி மாறவில்லை, கடைக்காரர் மாறவில்லை, நாணயம் சரிந்தது.

மூன்றாவது சந்தை. சென்னை ரிச்சி தெருவில் நெருங்கி நிற்கும் கடைகள் ஒன்றோடொன்று போட்டியிட்டுப் பெருந்தொகையாக விற்கின்றன. ஆதலால் சிறு ஊதியத்திலும் அவை பிழைக்கும். மாதத்திற்குச் சில கணினிகளே விற்கும் கடை, வாடகையையும் பணியாளர் சம்பளத்தையும் அச்சிலவற்றின்மேலேயே ஏற்ற வேண்டும். முன்னாளில் அமரவிளைச் சாவடியைக் கடந்தால் வரி வேறு. 2017 க்குப் பின் நாகர்கோவிலிலும் இங்கும் வரி ஒன்றே. ஆதலின் இந்நாளில் உள்நாட்டு ஊர்களுக்குள் காணும் வேற்றுமைக்கு அளவும் போட்டியுமே பெரிதும் காரணம். நாடுகளுக்கும் இது பொருந்தும். சிறிய நாட்டிற்கென விசைப்பலகை, செருகி, தரச்சான்று ஆகியவற்றைத் தனியே அமைக்கும் செலவு குறைந்த எண்ணிக்கையின்மேல் விழுகின்றது.

சந்தையில் இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. வாங்குபவர் எவ்வளவு தாங்குவார் என்று பார்த்து விலை வைப்பது. ஆஸ்திரேலியாவில் இதுபற்றி மக்கள் குமுறினர். நாடாளுமன்றக் குழு பெரிய நிறுவனங்களை அழைத்து விசாரித்து, 2013 ஜூலையில் அறிக்கை வெளியிட்டது. அமெரிக்கரைவிட ஆஸ்திரேலியர் மிகுதியாகக் கொடுத்த விலை முழுவதற்கும் வரியும் கூலியும் சமாதானம் ஆகா என்பது அக்குழு கண்ட உண்மை. அம்மிகையை மக்கள் 'ஆஸ்திரேலிய வரி' என்றே பெயரிட்டு அழைத்தனர். ஆதலின் விலை வேற்றுமை எல்லாம் நியாயமானது என்று யாம் கூறவரவில்லை. எது வரி, எது செலவு, எது பேராசை என்று பிரித்தறிய வேண்டும் என்பதே எம் வேண்டுகோள்.

நான்காவது உத்தரவாதம். சில கணினிகளின் உத்தரவாதம் வாங்கிய நாட்டில் மட்டுமே செல்லும். உள்நாட்டுக் கடை விலையில் அந்தப் பழுதுபார்க்கும் பொறுப்பும் அடங்கியுள்ளது. விலைச்சீட்டில் அது தனியே தெரிவதில்லை.

இவை நான்கையும் கூட்டினாலும் ஒரு கணக்கு எஞ்சி நிற்கின்றது. அதுவே பெரிது. அமெரிக்காவில் 2009 முதல் கூட்டரசின் குறைந்த கூலி மணிக்கு 7.25 டாலர். எட்டு மணி வேலைக்கு 58 டாலர். 600 டாலருக்கு அத் தொழிலாளி பதினொரு நாள் உழைத்தால் போதும். கேரளத்தில் ஊரக வேலைத் திட்டத்தின் நாட்கூலி 2025-26 ஆம் ஆண்டுக்கு 369 ரூபாய் என அறிவிக்கப்பட்டது. 60,180 ரூபாய்க்கு நம் தொழிலாளி 164 நாள் உழைக்க வேண்டும். அதுவும் ஒரு வேளை உணவுக்குக்கூடச் செலவிடாமல்! ரூபாயில் காணும் ஏழாயிரம் வேற்றுமைக்கு நாம் சண்டையிடுகிறோம். உழைப்பில் காணும் இந்த வேற்றுமையைப் பற்றிப் பேசுவார் இலர். ஏழை வீட்டுப் பிள்ளைக்குத்தான் உலகிலேயே விலையுயர்ந்த கணினி விற்கப்படுகின்றது.

இதற்கு நாம் செய்யத்தக்கது யாது? வழியொன்று கண்முன்னே உள்ளது. கேரளத்துப் பள்ளிகளில் 2018 இல் 45,000 வகுப்பறைகளுக்குக் கணினி வசதி செய்தனர். மொத்தமாக வாங்கினர், விலை கொடுக்க வேண்டாத கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்தினர். தமிழ்நாட்டரசும் 2011 முதல் மாணவர்க்கு மடிக்கணினி வழங்கியபோது ஒப்பந்தப்புள்ளி கோரி மொத்தமாகவே வாங்கியது. பலர் சேர்ந்து கேட்டால் விலை இறங்கும் என்பது இவ்விரண்டும் காட்டும் பாடம். நம் குடியிருப்பில் ஆண்டுதோறும் கல்லூரி செல்லும் பிள்ளைகள் பலர். ஒவ்வொரு தந்தையும் தனித்தனியே கடை ஏறி இறங்குகின்றார். சித்திரை மாதத்திலேயே சங்கம் ஒரு பட்டியல் எடுத்து, அனைவர்க்கும் சேர்த்து விலை கேட்டால் என்ன? முறையான சீட்டும் முழு உத்தரவாதமும் பெற்று வாங்கலாமே! வேலை முடித்த மூத்த மாணவரின் பழைய கணினியைச் செப்பனிட்டு, வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கலாமே! இதனை இவ்வாண்டுச் செயற்குழுவின் முன் விண்ணப்பமாக வைக்கின்றோம்.

முடிவாக, அந்தப் பெண்ணின் கதையைச் சொல்லாமல் விடலாகாது. ஓணத்திற்கு வந்த மாமன் கணினியைக் கொண்டுவந்தார். விசைகளில் அரபு எழுத்தும் இருந்தது. பிள்ளை அதைப் பெருமையாகவே காட்டினாள். நான்காம் மாதம் திரை இருண்டது. உத்தரவாதம் இங்குச் செல்லாது என்று தெரிந்தது. தேர்வு நெருங்கிய நேரம். தந்தையார் தயங்கித் தயங்கி அதே கடைப்படியில் ஏறினார். கடைக்காரர் பழையதைப் பேசவில்லை. புதிய திரையை வரவழைத்து, அடக்க விலைக்கே பொருத்தித் தந்தார். மிச்சம் பிடித்த தொகையில் பெரும்பகுதி அத்திரைக்கே போயிற்று. புறப்படும்போது தந்தையார், "அண்ணாச்சி, அன்று காட்டுவதாகச் சொன்ன சீட்டை இன்று பார்க்கலாமா?" என்று கேட்டார். பார்த்தார். வரி போகக் கடைக்காரருக்கு நின்றது மிகச் சிறு தொகையே. இன்று இருவரும் இம்மன்றத்தில் அடுத்தடுத்த நாற்காலிகளில் அமர்ந்திருக்கின்றனர்.

மாமன் செய்தது அன்பு. அதில் குற்றம் இல்லை. வேறொரு வீட்டில் அக்கணினி பழுதின்றி உழைத்து ஏழாயிரமும் ஆதாயமாக நின்றிருக்கும். ஆயினும் விலை வேறு என்று கேட்ட அளவில் ஒருவரைக் கள்வர் என்று கூறும் முன், அப்பொருள் கடந்து வந்த வழியை ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்போமாக. பிழைக்க வந்த ஊரில் பழகிய மனிதரின் நட்பு, ஏழாயிரத்திற்கு விற்கத்தக்க பொருள் அன்று.