உலர்கரையின் மூலிகைத் தேநீர்

இலங்கையின் புத்தளம் மாவட்டக் கரையோரத்தின் பெரும்பகுதி உலர் வலயத்தைச் சேர்ந்தது. ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். பிறகு வரும் நீண்ட வெயிலைத் தாங்கி, யாரும் நடாமலே வளர்ந்து நிற்பது ஆவாரை. சிங்களத்தில் இதை ரணவரா என்பார்கள்.

1867இல் மலைநாட்டின் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வணிகப் பயிராக்கினார். அந்தத் தேயிலைக்கு மாற்றாக ஆவாரை இலையை அவித்துக் குடிக்கும் வழக்கமும் தீவில் இருந்தது. பழைய தாவர நூல்களில் அதற்கு ‘மாத்தறைத் தேயிலை’ என்றே பெயர். இன்று பெரும்பாலும் பூவைத்தான் எடுக்கிறார்கள். நிழலில் காயவைத்த பூவில் ஒரு சிறங்கையைக் கொதிநீரில் போட்டால் சற்று நேரத்தில் பொன்னிறம் இறங்கும். வடித்தெடுத்து, சீனி கலக்காமல், பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பதே அதற்குப் பொருத்தம். மெல்லிய துவர்ப்பு நாவில் தங்கும். உடல் சூட்டுக்கும் நீரிழிவுக்கும் நாட்டு மருத்துவம் இதைச் சொல்கிறது.

தேநீர் வேறு, குடிநீர் வேறு. மருந்தாகக் கொடுக்கும் குடிநீரை எட்டொன்றாகச் சுண்டக் காய்ச்சுவார்கள். அதை வைத்தியர் சொன்ன அளவிலும் நாளிலும்தான் குடிக்க வேண்டும். இந்த வேறுபாட்டை இன்று பலர் மறந்துவிடுவது வருத்தத்துக்குரியது. இலங்கை ஆய்வாளர்கள் 50 மருந்துச் செடிகளைச் சோதித்து 1981இல் வெளியிட்ட ஆய்வில், ஈரலைத் தாக்கும் ஒருவகை அல்கலாய்டு மூன்றில் தென்பட்டது. அந்த மூன்றில் ஆவாரையும் ஒன்று. எப்போதாவது ஒரு கோப்பை குடிப்பதையும் மாதக்கணக்கில் நாள்தோறும் குடிப்பதையும் ஒன்றாகக் கருத முடியாது. கர்ப்பிணிகளும், ஈரல் நோயாளரும், நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

அடுத்தது சிறுபூளை. யாழ்ப்பாணத்தில் தேங்காய்ப்பூக்கீரை, சிங்களத்தில் பொல்பலா. வெண்பஞ்சு போன்ற சிறு பூக்களுடன் வேலியோரத்திலும் தரிசிலும் முளைக்கும். நீர்க்கடுப்புக்கும் கல்லடைப்புக்கும் செடியை வேரோடு பிடுங்கிக் கழுவி அவிப்பது வழக்கம். இதில் கவனிக்க வேண்டியது பறிக்கும் இடம். இம்மாவட்டத்துக் கற்பிட்டியின் வெங்காய, மிளகாய்த் தோட்டங்களில் உரமும் பூச்சிமருந்தும் தாராளமாகப் பயன்படுகின்றன; அவற்றின் வரப்பில் வளர்ந்த செடியை எவ்வளவு கழுவினாலும் நம்பிக் குடிக்க முடியாது. சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இந்த நீர் உகந்ததா என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

வில்வம்பூவைக் காயவைத்து அவிப்பதும் உண்டு. மணத்துக்காகவே அதை விரும்புவோர் பலர்.

நன்னாரி, பற்றைக்குள் மெல்லிய கொடியாகப் படரும். மணம் முழுதும் வேரில். நெடுநேரம் கொதிக்கவிட்டால் அந்த மணம் ஆவியோடு போய்விடும். ஆகவே வேரை நசுக்கி, கொதித்து இறக்கிய நீரில் போட்டு மூடிவைப்பது நல்லது. வேரைத் தோண்டும் இடத்திலும் கவனம் வேண்டும்: 1938இல் தேசியப் பூங்காவான வில்பத்துவுக்குள் எந்தச் செடியையும் பறிப்பது சட்டப்படி குற்றம். வெளியே தோண்டும்போதும் கொடியை அடியோடு பிடுங்காமல், பக்கவேர்களில் சிலவற்றை மட்டும் அறுத்தெடுத்து மண்ணை மூடிவிட்டால், அடுத்த மழைக்கு அது மீண்டும் தளிர்க்கும்.