டையூத் தீவு



குஜராத்தின் தென்கரையை ஒட்டி, ஒரு குறுகிய கழியால் மட்டும் நிலத்தினின்று பிரிந்து, ஏறத்தாழ 40 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கிறது டையூ. நாம் வழங்கும் 'தீவு' என்ற சொல்லும் இப்பெயரும் 'த்வீபம்' என்னும் ஒரே வடசொல்லினின்று பிறந்தவை. ஆதலால் 'டையூத் தீவு' என்னும்போது தீவை இருமுறை தீவென்றே அழைக்கிறோம், அதனால் கேடொன்றுமில்லை.

இங்கே நாகோவாக் கடற்கரை குதிரை லாடம் போல் வளைந்து கிடக்கிறது. நம் பனை ஒற்றைத் தண்டாக ஓங்குவது. இங்குள்ள ஹோகாப் பனையோ கிளைத்துக் கிளைத்து நிற்பது. நெரிசலோ ஆரவாரமோ மிகுதியாக இல்லை. இந்த அமைதி இத்தீவுக்குப் பிறவியிலே வாய்த்ததன்று.

செங்கடலிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் வந்த மரக்கலங்கள் தங்கிய பெருந்துறையாக டையூ விளங்கிய காலம் ஒன்றுண்டு. 1509 பிப்ரவரி 3-ஆம் நாள் இத்துறைக்கு எதிரே, போர்ச்சுகீசியத் தலைவர் பிரான்சிஸ்கோ டி அல்மெய்தா, எகிப்திய சுல்தானின் கப்பற்படையையும் அதற்குத் துணைநின்ற குஜராத், கள்ளிக்கோட்டைக் கலங்களையும் முறியடித்தார். முந்திய ஆண்டு சவுல் துறையில் தம் மகனை இழந்த தந்தையின் சினமும் அப்போரில் கலந்திருந்தது. இந்துமாக்கடலின் ஆட்சி அன்று கைமாறிற்று என்று சொன்னால் மிகையாகாது.

1535-இல், ஹுமாயூனின் படையெடுப்புக்கு அஞ்சிய குஜராத் சுல்தான் பகதூர் ஷா, துணை நாடிக் கோட்டை கட்ட இடங்கொடுத்தார். இரண்டே ஆண்டுகளில், போர்ச்சுகீசியரைக் கண்டு திரும்பும் வழியில், அவர்களாலேயே அவர் கடலில் மாண்டார். 1538-இலும் 1546-இலும் நேர்ந்த பெரு முற்றுகைகளுக்கு ஈடுகொடுத்த அக்கோட்டை இன்றும் நிற்கிறது. மூன்று புறமும் கடல், நிலப்புறத்தே அகழி, மதில்மேல் துருவேறிய பீரங்கிகள். 1668-இல் மஸ்கட் அரபியர் ஊரைக் கொள்ளையிட்டனர். வாணிகம் சூரத்துக்கும் பின்னர் பம்பாய்க்கும் பெயர்ந்தது. செல்வம் அகன்ற இடத்தில்தான் அமைதி வந்து குடிபுகுந்தது. 1961 டிசம்பர் 19-இல் டையூ இந்திய நாட்டோடு சேர்ந்தது.

பாரசீகத்தினின்று வந்த பார்சி மக்கள், சஞ்சானில் குடியேறுமுன் இத்தீவில் பத்தொன்பது ஆண்டுகள் தங்கினர் என்பது அவர்தம் மரபு. தூய பவுல் தேவாலயம் இன்றும் வழிபாட்டில் உள்ளது. தூய தோமையார் தேவாலயம் அருங்காட்சியகமாகிவிட்டது. எனினும், எல்லாவற்றினும் நம் உள்ளத்தைக் கவர்வது புதம் சிற்றூரின் கங்கேசுவரர் சந்நிதியே. கடலோரப் பாறைகளுக்கிடையே ஐந்து சிவலிங்கங்கள். பாண்டவர் ஐவரும் நிறுவியவை என்பர். கோபுரமில்லை, பிராகாரமில்லை. ஓதம் ஏறும்போது அலைகளே உள்ளே புகுந்து திருமஞ்சனம் செய்து மீள்கின்றன.

ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. குஜராத்தில் மதுவிலக்கு உண்டு, டையூவில் இல்லை. ஆகவே விடுமுறை நாட்களில் பாலங்கடந்து வருவோரில் பலர் புட்டியை நாடி வருகின்றனரேயன்றி, கோட்டையையோ கங்கேசுவரரையோ நாடி வருவதில்லை. அவர்கள் விட்டுச்செல்லும் கண்ணாடிச் சில்லுகளை மணலினின்று பொறுக்குவது ஊராருக்கு வீண் சுமை. எதிர்க்கரையில் உள்ள கோக்லாக் கடற்கரை, தூய்மைக்கென வழங்கப்படும் நீலக்கொடிச் சான்றினை 2020-இல் பெற்றது. அத்தூய்மை தானே வந்ததன்று. நாள்தோறும் பெருக்குவோர் இருப்பதால் வந்தது.

சக்கரதீர்த்தக் கரையருகே ஒரு நினைவுச் சின்னம் உண்டு. 1971 டிசம்பர் 9-ஆம் நாள் இரவு, டையூவுக்கு அப்பால் ஆழ்கடலில், பாகிஸ்தானிய நீர்மூழ்கிக் கப்பலால் தாக்குண்டு 'குக்ரி' என்னும் நம் போர்க்கப்பல் மூழ்கியது. அதன் தலைவர் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு அகல மறுத்து அதனோடே அமிழ்ந்தார். அவருள்ளிட்ட 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் அன்று மாண்டனர்.

மழைக்காலம் கழிந்தபின் செல்வது நலம். அப்போது கடல் அடங்கியிருக்கும். கங்கேசுவரரைத் தரிசிக்க விழைவோர் ஓதத்தின் நேரத்தை ஊராரிடம் கேட்டறிந்து செல்க.