ஆறு காட்டிய ஆறு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'சங்க இலக்கியத்தில் பனிக்காலம்' என்னும் பொருளில் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். மேற்கோள்களைத் திரட்டிக்கொண்டு வந்து நிற்பது எனக்குக் கடினமன்று. இருபதாண்டுகளாக வகுப்பறையில் நான் செய்துவரும் வேலை அதுதான். ஆயினும், சென்ற சனவரித் திங்களில் இமயத்தின் அடிவாரத்தில் ஓர் ஆற்றங்கரைக் காட்டினூடே தன்னந்தனியே நடந்து திரும்பிய பிறகு, அம்மேற்கோள்களை முன்போல் எடுத்தாள என்னால் இயலவில்லை. அது ஏன் என்பதையே இன்று சொல்ல விழைகிறேன். தலைப்பிலிருந்து சற்று விலகினால் செயலாளர் பொறுத்தருள்க.

பனி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது எது? மார்கழி விடியலில் சத்தி சாலையில் விளக்கெரிய ஊர்ந்துவரும் லாரிகள். சோளத்தட்டின்மேல் முத்து முத்தாக நிற்கும் நீர். நீலகிரியில் தலைக்குந்தாப் பக்கம் புல்வெளி வெளுத்துக் கிடக்கும் உறைபனியைச் சிலர் பார்த்திருக்கலாம். அந்த உறைபனி புல்லின்மேல் படிவது, வெயிலேறினால் மறைவது. வானிலிருந்து பஞ்சாய் உதிர்ந்து, முழங்கால் அளவு நின்று, மாதக்கணக்கில் நிலத்தை மூடிக்கிடக்கும் வெண்பனி நம் நிலத்துக்கு உரியதன்று. இவை அனைத்துக்கும் நம்மிடம் இருப்பது 'பனி' என்ற ஒரே சொல். பழந்தமிழில் அச்சொல் குளிரையும் குறிக்கும், நடுக்கத்தையும் குறிக்கும், அச்சத்தையும் குறிக்கும், கண்ணீரையும் குறிக்கும். இத்தனை பொருளும் ஒரு சொல்லுக்கு எப்படிப் பொருந்தின என்று மாணவர்கள் கேட்டால் அகராதியைக் காட்டுவேன். இனிமேல் அகராதி தேவைப்படாது.

சிம்லாவில் ஒரு கருத்தரங்கு முடிந்து, உடன் வந்த பேராசிரியர்களோடு மணாலிக்குச் சென்றிருந்தோம். அடுத்த நாள் காலையில் அவர்கள் வாடகைக் காரில் பனிச்சறுக்கு பார்க்கப் புறப்பட்டார்கள். நான் வரவில்லை, ஆற்றங்கரையோரம் நடந்துவிட்டு வருகிறேன் என்றேன். "தனியாகவா?" என்று நால்வரும் ஒரே குரலில் கேட்டார்கள். நாற்பத்தாறு வயதில், முழங்கால் வலியோடு, மொழி தெரியாத ஊரில், ஏன் அப்படிச் சொன்னேன் என்பது எனக்கே இன்றுவரை விளங்கவில்லை.

பழைய மணாலியில் மணால்சு என்னும் சிற்றாற்றைக் கடந்து, பியாஸ் நதியின் வலக்கரையில் வடக்கு நோக்கி ஏறினேன். ரோத்தாங் கணவாய்ப் பக்கத்தில் பிறக்கும் இந்நதிக்கு வடமொழியில் விபாசா என்று பெயர். கட்டவிழ்த்தவள் என்பது பொருள். மக்களைப் பறிகொடுத்த வசிட்டர் தம்மைக் கயிற்றால் பிணித்துக்கொண்டு இதில் விழ, நதி கட்டுகளை அவிழ்த்துக் கரையேற்றியதாக மாபாரதம் கூறும். என் கட்டுகளும் அங்கே அவிழ்ந்தன என்று சொல்ல வரவில்லை; அன்று நான் கட்டியிருந்தது முழங்கால் பட்டை ஒன்றுதான். குளிர்காலமாதலால் ஆறு இளைத்திருந்தது. பனி உருகாதபோது நீர் ஏது? இருந்த நீர் பச்சைநிறக் கண்ணாடிபோல் பாறைகளுக்கிடையே ஓடிற்று. ஒவ்வொரு பாறையும் வெள்ளைத் தலைப்பாகை கட்டியிருந்தது.

கரையை ஒட்டித் தேவதாருக் காடு. நம் பக்கத்து வறண்ட காடுகளில் தேவதாரம் என்று சொல்லப்படும் சிறுமரம் வேறு; இது விண்ணை முட்டும் ஊசியிலை மரம். கிளைகள் தாங்கமாட்டாத பனியை அவ்வப்போது கீழே விடும். பொத்தென்று ஓர் ஓசை, மீண்டும் பேரமைதி. பனி ஒலியை உறிஞ்சிவிடுகிறது. வாடகைக்கு எடுத்த ரப்பர் காலணியின் ஓசையும் என் மூச்சும் அன்றி வேறெதுவும் கேளாத நிலையில் அரைமணி நேரம் நடந்திருப்பேன். தொல்காப்பியர் குறிஞ்சிக்குக் கூதிரோடு முன்பனியையும், பாலைக்கு வேனிலோடு பின்பனியையும் உரியவாக்கியதன் நுட்பம் அப்போதுதான் உறைத்தது. கொளுத்தும் வெயிலுக்கும் பனிக்கும் என்ன உறவு என்று என் ஆய்வேட்டில் பத்துப் பக்கம் எழுதியிருந்தேன். அங்கே நின்று பார்த்தபோது அது விளக்கம் வேண்டாத செய்தியாக இருந்தது. தடம் அழிந்த நிலம், நிழலற்ற வெண்மை, துணையின்மை. பாலையேதான், நிறம் மட்டும் வேறு.

பத்து மணியளவில் பனி பெய்யத் தொடங்கிற்று. முதலில் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது; சிறுபிள்ளைபோல் உள்ளங்கையை நீட்டினேன். சற்று நேரத்தில் முன்னால் இருந்த பாதை தெரியவில்லை. திரும்பிப் பார்த்தேன், வந்த என் அடிச்சுவடுகளும் நிரம்பிக்கொண்டிருந்தன. எந்தப் பக்கம் ஊர், எந்தப் பக்கம் காடு என்று அறியாமல் நின்ற அந்தச் சில நிமிடங்களில் குளிர், நடுக்கம், அச்சம், கண்ணீர் என்ற நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக அல்ல, ஒருசேர வந்தன. கண் மங்கினாலும் செவி கேட்டது. இடப்பக்கம் மேடேறிப் போகாமல் வலப்பக்கம் ஆற்றின் ஓசையைப் பற்றிக்கொண்டே நடந்தேன். ஆறு என்றால் நதி. ஆறு என்றால் வழி. ஆற்றுப்படை நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் நான் எழுதிப்போடும் செய்திதான் இது.

அப்படிப் போய்ச் சேர்ந்த சிற்றூர் கோஷால். மகர சங்கராந்தி தொடங்கி 42 நாட்கள், அதாவது நம் வீடுகளில் பொங்கலோ பொங்கல் என்று குரலெழுப்பும் நாள் முதலாக, அவ்வூரும் அண்டையிலுள்ள சில ஊர்களும் ஓசையடங்கி இருக்கின்றன. கோயில் மணி ஒலிப்பதில்லை, வானொலியும் தொலைக்காட்சியும் வாய்திறப்பதில்லை, மண்ணைக் கிளறுவதில்லை. தெய்வங்கள் தவத்தில் இருக்கும் காலம் அது என்பது அவர்கள் நம்பிக்கை. இதெல்லாம் பின்னர்த் தெரிந்துகொண்டது. அப்போது நான் கண்டது, முதுகில் விறகுக்கட்டோடு எதிரே வந்த ஒரு மூதாட்டியை மட்டுமே. உடுத்தியிருந்தது கம்பளி, அதற்கு அங்கே 'பட்டு' என்று பெயராம்! நான் தமிழில் எதையோ உரக்கக் கேட்டேன். அவர் உதட்டில் விரல் வைத்தார். பிறகு ஆற்றைக் காட்டினார், அது போகும் திசையைக் காட்டினார், என் காலணியைக் காட்டினார், விரலால் மெல்ல நடந்து காட்டினார். என்னை ஆற்றுப்படுத்திய அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

திரும்பும் வழியெல்லாம் என் ஆய்வேட்டைப் பற்றியே எண்ணிக்கொண்டு வந்தேன். பாலைத் திணையில் தலைவி கூற்றுகள் என்பது அதன் பொருள். நானூறு பக்கம். அதில் வரும் பெண்களில் பெரும்பாலோர் வீட்டிலேயே இருக்கிறார்கள். நடப்பவன் தலைவன், அவன் கால் சுடுமே என்று உருகுபவள் தலைவி. அவள் வெளியேறினால் அது உடன்போக்கு, அவனோடு. தேடிச் செல்லும் செவிலியும் மகளுக்காகவே காட்டில் அலைகிறாள். கடல்வழிச் செலவில் பெண்ணை உடன்கொள்வதில்லை என்று தொல்காப்பியம் தெளிவாகவே வகுத்துவிட்டது. தனியே நடந்தவர்களும் உண்டு. காவிரி கொண்டுபோன ஆட்டனத்தியைத் தேடிக் கரைநெடுகக் கலங்கித் திரிந்தாள் ஆதிமந்தி. அவளை நினைந்து அகநானூற்றில் பாடியவர் வெள்ளிவீதியார். அந்த வெள்ளிவீதியார் தாமும் அவ்வாறே அலைந்ததை ஒளவையார் பாடுகிறார். ஒரு பெண்ணின் நடையை இன்னொரு பெண் நினைவில் ஏந்தி மூன்றாமவளிடம் கொடுக்கும் இந்தத் தொடர்ச்சி எத்துணைப் பெரிய செய்தி! என் ஆய்வேட்டில் இதற்கு நான் ஒதுக்கிய இடம் ஓர் அடிக்குறிப்பு. காரைக்கால் அம்மையார் கயிலை மலையைத் தலையால் நடந்து ஏறியதாகச் சேக்கிழார் பாடுகிறார்; அவரைப் பக்தி இலக்கியத்துக்குரியவர் என்று ஒதுக்கி, அடிக்குறிப்பிலும் சேர்க்கவில்லை.

இவர்கள் அனைவரும் எதையோ, எவரையோ தேடி நடந்தவர்கள். எதையும் தேடாமல், நடப்பதற்காகவே நடந்த பெண்ணின் பாட்டு ஏன் இல்லை? அல்லது இருந்தும் தொகுத்தவர் கண்ணில் படவில்லையா? இக்கேள்வியைக் கவிஞர்களாகிய உங்கள்முன் வைக்கிறேன். சற்றுக் கசப்பாக ஒன்று சொன்னால் வருந்தவேண்டா. நம் வட்டத்தின் பத்தாண்டுக் கவியரங்கக் கவிதைகளை இம்மலருக்காகப் படித்துப் பார்த்தேன். பெண் இன்னும் வாசற்படியில்தான் காத்திருக்கிறாள். எழுதியவர்களில் நானும் ஒருத்தி.

பனியைப் பாடவேண்டும் என்பதன்று என் கருத்து. அதற்கு உரியவர்கள் இருக்கிறார்கள். 1994-இல் இந்திரா பார்த்தசாரதியும் எஸ்.பொ.வும் தொகுத்த 'பனியும் பனையும்' நூலில் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் கதைகளைப் படித்தால், பனி அவர்களுக்கு வாழ்நிலமாகிவிட்டதை அறியலாம். திரும்பிப்போகப் பயணச்சீட்டு வைத்திருந்த எனக்கு அது விருந்தாளி கண்ட பனி. ஒரு முற்பகல் நடந்துவிட்டு ஆறாம் திணைக்கு உரிமை கொண்டாடுவது தகாது.

ஊர் திரும்பியதும் அம்மாவிடம் சொன்னேன். "ஏனம்மிணி, ஒண்டியாவா போனே?" என்றார். கோபித்துக்கொள்வார் என்றிருந்தேன். அப்பா இறந்தபின் பதினோராண்டு, விடியுமுன் மார்கழிப் பனியில் தூக்குப்போசியோடு கௌசிகா ஆற்றுப் பள்ளத்தோரம் ஒண்டியாக நடந்து பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவந்தவர் அவர். குருடிமலையில் தோன்றி வஞ்சிபாளையத்தருகே நொய்யலில் சேரும் அவ்வாற்றில் அந்த ஆண்டுகளில் நீர் கண்டது சில நாட்களே. தலையில் முக்காடிட்ட துண்டும், கையில் ஒரு குச்சியும். அவர் நடந்ததை நடை என்று நான் எண்ணியதே இல்லை, அது வேலை.

இருட்டில் அச்சமாக இல்லையா என்று முதன்முறையாகக் கேட்டேன். "மொதல்ல இருந்துச்சு கண்ணு. அப்புறம் அந்த நேரம் ஒண்ணுதான் எனக்குன்னு இருந்துச்சு" என்றவர், சற்று நேரம் கழித்து, "அங்க ஆத்துல தண்ணி ஓடுதா?" என்று கேட்டார்.

ஓடுகிறது அம்மா என்றேன்.