மாயக் கதைகளில் ஒளிந்திருக்கும் சாடைகள்

சமித் பாசு ஆங்கிலத்தில் எழுதிய 'கேம்வேர்ல்டு' மாய நாவல் வரிசையில் கோல் என்றொரு பெருநகரம் வருகிறது. ராட்சசரும் மந்திரவாதிகளும் நடமாடும் ஊர். கொல்கத்தாக்காரரான பாசு தம் சொந்த ஊரின் பெயரில் பாதியை அதற்குச் சூட்டிவிட்டார் என்பது வங்காள வாசகருக்கு உடனே பிடிபடும். 2004இல் பெங்குவின் இந்தியா வெளியிட்ட 'தி சிமோகின் ப்ராஃபெசீஸ்' முதல் பாகம். 2005, 2007ஆம் ஆண்டுகளில் மற்ற இரண்டும் வந்தன. மூன்றிலும் இப்படிச் சாடையாக வைத்த சங்கதிகள் ஏராளம்.

கோல் நகரை ஆள்பவரின் பட்டம் 'சிவிலியன்'. டெர்ரி பிராட்செட் 1983இல் தொடங்கிய 'டிஸ்க்வேர்ல்டு' கதைகளில், ஆங்க்-மார்போர்க் நகரை ஆள்பவர் 'பட்ரீஷியன்'. அதாவது உயர்குடிப் பிரபு. பாசு அந்தப் பிரபுவைச் சாதாரணக் குடிமகனாக்கி வம்புக்கு இழுக்கிறார். அதைவிடக் கெட்டிக்காரத்தனமானது பொல்வுதீஸ் என்ற தீவு. அங்கே மந்திரத்தால் அசையும் படம் பிடிக்கிறார்கள். பாலிவுட் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் பிராட்செட்டும் 1990இல் 'மூவிங் பிக்சர்ஸ்' நாவலில் ஹாலிவுட்டை இதே பாணியில் கிண்டல் செய்திருந்தார். அதையும் படித்தவருக்கு ஒரே கேலியில் இரண்டு சிரிப்பு.

எது ஒளிந்திருக்கிறது என்பது படிப்பவரைப் பொறுத்தது. கதையில் வரும் வானரர்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பழைய உறவு. லண்டன் வாசகருக்கோ ஆசிரியரின் புதுக் கற்பனை. மூன்றாம் பாகத்தின் தலைப்பில் உள்ள 'உன்வாபா' நம்மவரையும் திணற வைக்கும். அது சூலு மக்களின் கதையில் வரும் பச்சோந்தி. மனிதருக்குச் சாவில்லை என்ற செய்தியைக் கடவுள் அதனிடம் சொல்லி அனுப்புகிறார். அது ஆடி அசைந்து போவதற்குள், சாவு உண்டு என்ற செய்தியோடு பல்லி முந்திவிடுகிறது. இதை அறியாமலும் நாவலைப் படித்து முடிக்கலாம். சாடை புரியாதவரைக் கதை வாசலிலேயே நிறுத்திவிட்டால் அது ஆசிரியரின் அலட்டல்தான்.

அமெரிக்கரான ராபர்ட் ஜார்டன் வேறு வழியில் போனார். 1990இல் தொடங்கிய அவருடைய 'தி வீல் ஆஃப் டைம்', அவர் 2007இல் மறைந்தபின் பிராண்டன் சாண்டர்சன் கையில் 2013இல் முடிந்தது. அதில் காலம் சக்கரமாகச் சுழல்கிறது. யுகங்களைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது புதிதல்ல. ஆகவே நம் காலம் அந்த மாந்தருக்கு மங்கிப்போன புராணம். முதல் நூலில் ஊர் ஊராகச் சுற்றும் கதைசொல்லி ஒருவர், உலகையே சுற்றிப் பாயும் நெருப்பு ஈட்டி கொண்ட மாஸ்க் என்ற அரக்கனைப் பற்றிப் பேசுகிறார். மாஸ்கோவும் அமெரிக்காவும் ஏவுகணைகளோடு முறைத்துக்கொண்ட பனிப்போர்தான் அது. அவர் பட்டியலில் அன்னை தெரேசாவும் பெயர் திரிந்து வருகிறார். 1992இல் வந்த நான்காம் நூலில், அரண்மனைக் காட்சியகம் ஒன்றில் வட்டத்துக்குள் மூன்று முனை நட்சத்திரம் இருக்கிறது. அதிலிருந்து பழங்காலத்துச் செருக்கு கசிகிறதாம். பென்ஸ் காரின் மூக்கைப் பார்த்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும்.

பாசு நம்மூர்ச் சங்கதிகளை ஆங்கில மாயக் கதைக்குள் கொண்டுபோனார்; அதைத் தலைகீழாகச் செய்தவர்கள் மலேசியாவில் உண்டு.  அங்குள்ள கிளந்தான் மாநிலத்து நிழற்பாவைக் கூத்தான வாயாங் கூலிட்டின் மூலக்கதை ஸ்ரீ ராமன் காவியம். வடிவமைப்பாளர் டின்டோய் சூவும் கூத்துக் கலைஞர் பாக் டாயினும் 2013இல் அந்தத் தோல்பாவைகளின் சாயலில் ஸ்டார் வார்ஸ் பாத்திரங்களைச் செதுக்கி மேடையேற்றினார்கள். டார்த் வேடருக்கு அங்கே சங்காலா வேடே என்று பெயர். லூக் ஸ்கைவாக்கர், வானத்தில் அலையும் பயணி என்ற பொருளில் பெரந்தாவ் லாங்கிட் ஆனான்.