ஒளியைக் காணப் பழகுவோம்

(தில்லியில் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

டிஜிட்டல் நிழற்படக் கலையைப் புதிதாகப் பயில்வோர்க்குச் சில சொல்லுமாறு சங்கத்தார் பணித்தனர். நாங்கள் இக்கலையில் வல்லுநர் அல்லோம். பிழை செய்து கற்றவர்கள். ஆதலின் எங்கள் பிழையினின்றே தொடங்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்காலத்தில் எங்கள் தந்தையார் ஊரிலிருந்து வந்து இரண்டு திங்கள் எங்களுடன் தங்கினார். காலைதோறும் சன்னலுக்கு முதுகைக் காட்டி அமர்ந்து, வெயில் காய்ந்தபடியே செய்தித்தாள் படிப்பார். அக்கோலத்தில் பல படங்கள் எடுத்தோம். ஊர் திரும்பிய மூன்றாம் மாதம் அவர் மறைந்தார். படங்களைத் திறந்து பார்த்தோம். வெளியே நின்ற வேப்பமரம் இலை இலையாகத் தெரிந்தது; தந்தையாரின் முகமோ கருநிழலாக இருந்தது. கருவி நல்ல கருவிதான். பிழை எங்களுடையது.

தந்தை யார், மரம் எது என்று காமிரா அறியாது. காட்சி முழுவதிலும் உள்ள ஒளியை அளந்து, நடுத்தரமாக ஓர் அளவை அது வகுத்துக் கொள்கிறது. பின்னால் ஒளி மிகுந்தால் முன்னால் உள்ள முகம் இருண்டு விடும். நாற்காலியைச் சற்றே திருப்பி, சன்னல் ஒளி பக்கவாட்டில் முகத்தில் விழச் செய்திருந்தால் போதும். கைப்பேசியாயின், திரையில் முகத்தின்மேல் விரலை வைத்தால் அது முகத்திற்கேற்ப ஒளியை அளந்து கொள்ளும்.

ஒளியை ஆள்பவை மூன்று. காலையில் குழாயடியில் நீர் பிடிக்கும் நமக்கு இது எளிதில் விளங்கும். குழாய் வாயின் அகலம் போன்றது லென்ஸின் துவாரம், எஃப் 2.8 என்பது அகன்ற வாய், எஃப் 16 என்பது குறுகிய வாய். பெரும்பாலான கைப்பேசிகளில் இது மாறுவதில்லை. குழாய் திறந்திருக்கும் நேரம் போன்றது ஷட்டர் வேகம். மேடையில் ஆடும் குழந்தைக்கு நொடியில் 250-இல் ஒரு பங்கோ அதனினும் குறைவோ வேண்டும். 30-இல் ஒரு பங்கு வைத்தால் ஆடும் கைகள் கலங்கிவிடும். மூன்றாவது ஐ.எஸ்.ஓ. என்னும் உணர்திறன். பகல் வெயிலில் 100 போதும். மண்டபத்தின் மங்கிய விளக்கில் 3200 வரை உயர்த்தலாம். ஆயினும் படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றும். கலங்கிய படத்தினும் புள்ளி விழுந்த படம் மேல்.

தில்லிக் குளிர்காலம் படமெடுப்போர்க்கு ஒரு வரம். டிசம்பர் இறுதியில் நண்பகலிலும் சூரியன் அடிவானிலிருந்து சுமார் 38 பாகை உயரத்திலேயே நிற்கிறது. அதே நாளில் சென்னையில் அது சுமார் 53 பாகை. சாய்ந்து விழும் ஒளி, கண்குழிகளில் நிழல் தேங்க விடாது.

இத்தலைநகரில் 1942 முதல் பணியாற்றிய ஹோமாய் வியாரவாலா அம்மையார், நாட்டின் முதல் பெண் பத்திரிகை நிழற்படக்காரர் எனப் போற்றப்படுபவர். அவர் கையாண்ட காமிராக்களுள் ஒன்றான ரோலிஃப்ளெக்ஸில் ஒரு சுருளுக்குப் 12 படங்களே. எண்ணிப் பார்த்தே விசையை அழுத்த வேண்டும். 1975-இல் ஸ்டீவன் சாஸன் அமைத்த முதல் டிஜிட்டல் காமிராவோ ஒரு படத்தைப் பதிய 23 நொடி எடுத்தது. இன்று நொடிக்குப் பத்துப் படம் எடுக்கிறோம், ஒன்றையும் நோக்குவதில்லை. ஞாயிறுதோறும் ஒரே பொருளை, பன்னிரண்டே படங்களில், ஒவ்வொரு முறையும் இடம் மாறி நின்று எடுத்துப் பாருங்கள். ஓரிரு திங்களில் கண் தேறும்.

எடுத்ததைக் காப்பதும் கலையே. ஒரு படத்திற்கு மூன்று படிகள் இருக்கட்டும்; ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். ஆண்டுக்குப் பத்துப் படங்களையேனும் தாளில் அச்சிட்டு, பின்புறம் பெயரும் ஊரும் நாளும் தமிழில் எழுதி வையுங்கள். ஊரை விட்டு வந்த நமக்கு உறவின் முகங்களே ஊர்.

இந்தக் குளிரிலும் உங்கள் இல்லங்களுக்குப் பெரியோர் வந்திருப்பர். அவர்கள் இரயிலேறுமுன் நாற்காலியைச் சற்றே திருப்பிப் போடுங்கள்.