மண் தொட்டியும் வெள்ளித் தொட்டியும்

ஏறத்தாழ 1600 ஆண்டுகளுக்கு முன் பெத்லகேமில் ஒரு துறவி மனம் வருந்தினார். அவர் பெயர் ஜெரோம். விவிலியத்தை லத்தீன் மொழிக்குக் கொண்டுவந்தவர். 386-ஆம் ஆண்டு முதல் சாகும்வரை பெத்லகேமிலேயே, இயேசு பிறந்த இடமென்று மக்கள் போற்றிய குகைக்குப் பக்கத்திலேயே வாழ்ந்தவர். அந்தக் குகையில் மாட்டுக்குத் தீனி போடும் மண் தொட்டி ஒன்று இருந்தது. குழந்தையைக் கிடத்திய தொட்டி அதுதான் என்று நம்பினார்கள். பிறகு, பக்தி மிகுதியால், மண் தொட்டியை எடுத்துவிட்டு வெள்ளித் தொட்டி வைத்தார்கள். கிறிஸ்துமஸ் மறையுரை ஒன்றில் ஜெரோம் இதைச் சொல்லி ஏங்குகிறார். வெள்ளி வைத்தவர்களை அவர் பழிக்கவில்லை. அவர்களும் மரியாதை செய்யத்தான் நினைத்தார்கள். ஆனாலும் எடுத்துப் போன மண் தொட்டிதான் தமக்கு விலைமதிப்பு மிக்கது என்கிறார்.

டிசம்பர் பிறந்ததும் கோயில் முற்றத்திலும் வீட்டு மூலையிலும் எழும்புகிற கிறிஸ்துமஸ் குடில் பற்றியது இந்த உரை. குடில் கட்டுவது ஒரு கலை. அதை எடைபோட ஜெரோமின் ஏக்கத்தைவிட நல்ல தராசு கிடைப்பது அரிது.

குடிலுக்கு மூலமான கதை மிகச் சிறியது. லூக்கா நற்செய்தியில் பிறப்பு நடக்கும் இடம் ஓரிரு வரிதான். அகுஸ்து சீசரின் குடிமதிப்புக் கட்டளை, சத்திரத்தில் இடமில்லாத நிலை, துணியில் சுற்றிய குழந்தை, தீவனத் தொட்டி. பழைய தமிழ் வேதாகமம் அந்தத் தொட்டியை முன்னணை என்னும் அழகிய சொல்லால் குறிக்கிறது. மாடும் கழுதையும் லூக்காவில் இல்லை. ஞானியர் மத்தேயு நற்செய்தியில் வருகிறார்கள்; அங்கேயும் மூவர் என்ற கணக்கோ அரசர் என்ற பட்டமோ கிடையாது. எழுதியவர் விட்ட இடத்தையெல்லாம் நூற்றாண்டு நூற்றாண்டாக மக்களின் கைகள் நிரப்பியிருக்கின்றன.

ஏன் நிரப்ப வேண்டும்? கிறிஸ்தவ நம்பிக்கையின் நடுவில் இருக்கும் செய்தியே அதற்குத் தூண்டுகிறது. கடவுள் மனிதரானார். இதைத் தமிழில் மனுவுருவாதல் என்பார்கள். மனிதரைப் போலத் தோன்றினார் என்று சொல்லியிருந்தால் சிக்கல் இருந்திருக்காது. தொடக்க காலத்தில் அப்படிச் சொன்னவர்களும் இருந்தார்கள். கடவுளுக்குப் பசியாவது, வலியாவது, அந்த உடல் வெறும் தோற்றம் என்றார்கள். திருச்சபை அதை ஏற்கவில்லை. இன்னொரு பக்கம் ஆரியுஸ் என்பவர், மகன் படைக்கப்பட்டவரே, தந்தைக்கு நிகரானவர் அல்லர் என்றார். 325-இல் நிசேயா நகரில் கூடிய சங்கம் அதையும் மறுத்தது. 451-இல் கல்செதோன் சங்கம் முழுமையாகக் கடவுள், முழுமையாக மனிதர், கலக்கவும் இல்லை, பிரியவும் இல்லை என்று வரையறுத்தது. கேட்கும்போது இவை தத்துவச் சண்டைகளாகத் தெரியும். ஆனால் ஒரு தாய்க்கு இது எளிதாக விளங்கும். தலை நிற்காத, பால் கேட்டு அழுகிற, துணி மாற்றிவிட வேண்டிய ஒரு பிள்ளை உண்மையிலேயே கடவுளா என்பதுதான் அந்தச் சங்கங்களின் முன் இருந்த கேள்வி. ஆம் என்பது அவற்றின் விடை.

இந்த மறைபொருளுக்குத் தமிழ்க் கிறிஸ்தவர்களும் சொல் தேடினார்கள். கைக்கு எட்டும் தூரத்தில் அவதாரம் என்ற சொல் இருந்தது. சிலர் தயங்கினார்கள், சிலர் துணிந்து எடுத்தார்கள். துணிந்தவர்களில் வெங்கல் சக்கரை முக்கியமானவர். வழக்கறிஞர், தொழிற்சங்கத் தலைவர், சென்னை மாநகர மேயராகவும் இருந்தவர். இயேசுவை அவதாரம் என்று தலைப்பிலேயே அழைத்து ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். வந்த காரியம் முடிந்ததும் கழற்றிவைத்த வேடமாக இயேசுவின் மனிதத்தன்மையை அவர் பார்க்கவில்லை. அது நிலைத்து நிற்பது, இன்றும் தொடர்வது என்பது அவர் வாதம்.

யோவான் நற்செய்தி வேறொரு சொல் தருகிறது. அதில் தொழுவமும் இல்லை, இடையரும் இல்லை. வாக்கு மனிதராகி மக்களிடையே தங்கிய செய்திக்கு யோவான் எடுத்த கிரேக்க வினைச்சொல்லின் வேர்ப்பொருள் கூடாரம் அடிப்பது. கல்லில் மாளிகை எழுப்புவது இல்லை. நாலு கம்பு நட்டு, துணி கட்டி, பக்கத்தில் வந்து குடியிருப்பது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் குடில் கலைக்குத் தொட்டியின் பெயரே பெயராயிற்று. தமிழர் குடில் என்றார்கள். யோவானின் சொல்லுக்கு இவ்வளவு நெருக்கமான பெயர் தற்செயலாக அமைந்திருந்தாலும் அது பெரும் கொடை.

குடில் கதையில் யாவரும் சொல்லும் ஊர் கிரேச்சோ. இத்தாலியில், ரியேத்தி பள்ளத்தாக்கின் மலைச்சரிவில் இருக்கும் சிற்றூர். ஆண்டு 1223. அசிசி நகரின் துறவி பிரான்சிஸ் கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் முன்பு ஜொவான்னி என்னும் நண்பரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார். பெத்லகேம் குழந்தை பட்ட குறைகளை, கிடந்த கிடையை, தம் ஊனக்கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை வேண்டும். பிரான்சிஸ் சில ஆண்டுகள் முன்புதான் சிலுவைப் போரின் நடுவே எகிப்துக்குப் போய், சுல்தான் அல் காமிலைச் சந்தித்துத் திரும்பியவர். பெத்லகேமைப் படையெடுத்துப் பிடிக்க ஐரோப்பா துடித்த காலத்தில், பெத்லகேம் எந்த மலைச்சரிவிலும் இருக்கலாம் என்று காட்டியவர்.

அந்த இரவைப் பற்றி, பிரான்சிஸ் இறந்து மூன்றாண்டுக்குள் செலானோ ஊர்த் தாமஸ் எழுதிவைத்திருக்கிறார். மக்கள் தீப்பந்தங்களோடு மலையேறி வந்தார்கள். காடு முழுக்கப் பாட்டு. கிரேச்சோ புதிய பெத்லகேம் ஆயிற்று. பிரான்சிஸ் குரு அல்லர், திருத்தொண்டர். அந்த உடையில் நின்று நற்செய்தியைப் பாடினார், பிறகு பேசினார். பெத்லகேம் என்ற பெயரை ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் இழுத்து உச்சரித்தாராம். குழந்தையின் பெயரைச் சொன்னபோது இனிப்பைச் சுவைத்தவர்போல் நாவால் உதட்டைத் தடவிக்கொண்டாராம். ஒரு நம்பிக்கை உடம்பில் இறங்கியதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. கிரேச்சோவில் சொரூபம் எதுவும் இல்லை. மரியாவாகவோ சூசையாகவோ யாரும் வேடமிடவும் இல்லை. தொட்டி காலியாக இருந்தது. அதன்மேல் திருப்பலி நடந்தது. பெத்லகேம் என்ற எபிரேயப் பெயருக்கு அப்பத்தின் வீடு என்று பொருள். தீனி வைக்கும் தொட்டியில் கிடத்திய பிள்ளையே உணவாகிறார் என்று வாயால் விளக்காமல் தொட்டியை வைத்தே சொல்லிவிட்டார் பிரான்சிஸ். குடில் கலையின் உச்சம் அதன் தொடக்க நாளிலேயே எட்டப்பட்டுவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

மாடும் கழுதையும் பிரான்சிஸின் கற்பனை இல்லை. நான்காம் நூற்றாண்டு ரோமானியக் கல்லறைப் பேழைகளிலேயே அவை தொட்டியருகே நிற்கின்றன. சில பேழைகளில் மரியாவும் சூசையும் இல்லை; மாடும் கழுதையும் மட்டும் உண்டு. ஏசாயா இறைவாக்கினரின் நூலில் கடவுளின் குறை ஒன்று கேட்கிறது. மாடு தன் உடையவனை அறியும், கழுதை தன் தொட்டியை அறியும், என் மக்களுக்கோ தெரியவில்லை என்பது அதன் கருத்து. அந்தக் குறை தீரும் இடமாகத் தொழுவத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

கிரேச்சோவுக்குப் பிறகு குடில் ஊர் ஊராகப் போயிற்று; போன ஊரின் முகத்தை எடுத்துக்கொண்டது. நேப்பிள்ஸ் நகரில் 18-ஆம் நூற்றாண்டில் அது உச்சம் தொட்டது. சுடுமண் தலை, கண்ணாடிக் கண், மரத்தில் கை கால், கம்பியும் சணலும் சுற்றிய உடல், பட்டு உடை. மீன்காரர், இறைச்சிக் கடைக்காரர், பிச்சைக்காரர், சத்திரத்தில் தின்று குடிப்பவர் என்று சந்தையே இருக்கும். அந்தக் கூட்டத்தில் குழந்தையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் பெத்லகேமிலும் அன்று ஊர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சந்தை நின்று திரும்பிப் பார்க்கவில்லை. பிரான்சின் புரோவான்ஸ் பகுதியில் கதை வேறு. புரட்சிக் காலத்தில் கோயில்கள் மூடப்பட்டபோது குடில் வீட்டுக்குள் வந்தது. மார்சேய் நகரின் ழான் லூயி லாஞ்ஞெல் அச்சு செய்து, களிமண்ணில் சின்னச் சின்னப் பொம்மைகளை ஏழை வீட்டுக்கும் எட்டும்படி ஆக்கினார். சாணை பிடிப்பவர் வருவார், மாவு மில்காரர் வருவார். ஒருவர் மட்டும் கையில் எதுவும் கொண்டுவராமல் வியப்பில் இரு கைகளையும் தூக்கி நிற்பார்.

போலந்தின் கிராக்கோவில் வேலை இல்லாத பனிக்காலத்தில் கொத்தனார்கள் ஜிகினாத் தாள் ஒட்டிக் குடில் செய்தார்கள். தங்கள் நகரத்து மாதா கோயில் கோபுரத்தையும் அரண்மனையையும் அதில் எழுப்பினார்கள். 1937-இல் தொடங்கிய போட்டி இன்றும் நடக்கிறது. 2018-இல் யுனெஸ்கோ பட்டியலில் இந்தக் கலை இடம்பெற்றது. கிராக்கோ குடிலில் வைக்கோலும் இல்லை, மண்ணும் இல்லை, எல்லாம் மினுமினுப்பு. இருந்தாலும் அது ஜெரோமின் மண் தொட்டிப் பக்கம்தான் நிற்கிறது, ஏனென்றால் அது செய்தவர்களின் ஊரும் கையும் தெரியும் குடில்.

தமிழ்நாட்டிலும் அப்படிப்பட்ட கைகள் உண்டு. மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரி. அங்கே வேளார் குடும்பங்கள் நவராத்திரிக்குக் கொலுப் பொம்மை செய்கிறார்கள். கொலு முடிந்ததும் அதே கை, அதே மண், கிறிஸ்துமஸ் குடில் பொம்மைக்குத் திரும்புகிறது. மரியா, சூசை, பாலன், இடையர், ஆடு, ஒட்டகம். கடவுள் மண்ணைப் பிசைந்து மனிதரைச் செய்தார் என்று தொடங்குகிற விவிலியத்துக்கு, குயவர் வீட்டு முற்றம் தூரம் இல்லை.

வீட்டில் கட்டுகிறவர்களின் நுட்பம் இன்னும் மகிழ்ச்சி தருவது. பத்து நாள் முன்பே தேங்காய்ச் சிரட்டையிலோ தட்டிலோ கேழ்வரகு விதைப்பார்கள். டிசம்பர் 24-க்கு அது புல்வெளி ஆகும். கோணிச் சாக்கைக் களிமண் குழம்பில் முக்கிப் போர்த்தினால் குகை. உடைந்த கண்ணாடித் துண்டு குளம். கூரைக்கு வைக்கோலோ ஓலையோ. எல்லாம் வைத்த பிறகும் தொட்டி மட்டும் வெறுமையாக இருக்கும். நள்ளிரவுத் திருப்பலியில் வானவர் கீதம் முழங்கும்போதுதான் கோயிலில் பாலன் சொரூபம் வரும். பிள்ளைகள் காத்திருப்பது இந்த ஒரு நொடிக்காக. காலியான தொட்டியைப் பார்த்துப் பார்த்துக் காத்திருந்தவருக்கே நிறைந்த தொட்டியின் மகிமை தெரியும்.

இவ்வளவு அழகான கலையில் வெள்ளித் தொட்டி எங்கே நுழைகிறது? உயரப் போட்டியில் நுழைகிறது. மின்விளக்கு ஓட்டத்திலும் செயற்கை அருவியிலும் கண் நிலைகுத்தி, குழந்தை மறந்துபோகும்போது நுழைகிறது. கூரையில் பஞ்சை ஒட்டிப் பனி என்பதும் யோசிக்க வேண்டியதே. பெத்லகேமில் எப்போதாவது பனி விழும். ஆனால் நம் குடிலில் விழும் பனி ஐரோப்பிய வாழ்த்து அட்டையிலிருந்து வந்தது. குழந்தைக்கு நீலக் கண்ணும் பொன்முடியும் அப்படித்தான். மனுவுருவாதல் என்பது ஓர் இடத்தின் வெயிலையும் பேச்சையும் நிறத்தையும் ஏற்றுக்கொள்வது. வேம்பும் பனையும் நிற்கும் ஒரு தமிழ்க் குடிலில், அந்த ஊர் நிறத்துப் பிள்ளை கிடப்பது அதற்குப் பொருந்தாத காரியம் இல்லை.

சொரூபமே தேவையில்லை என்னும் கிறிஸ்தவ மரபுகளும் உண்டு. அவர்கள் வீட்டு வாசலில் நட்சத்திரம் தொங்கும், குடில் இருக்காது. உருவம் செய்யலாமா என்ற கேள்வி எட்டாம் நூற்றாண்டில் பெரும் பிளவாக எழுந்தபோது, தமஸ்கு நகர யோவான் உருவங்களுக்காக வாதாடினார். தாம் பொருளை வணங்கவில்லை, தமக்காகப் பொருளாகிய படைத்தவரை வணங்குவதாகச் சொன்னார். மண்ணும் மரமும் மெழுகும் நம்பிக்கையைச் சுமக்கலாம் என்பதற்கு இதைவிட வலுவான வாதம் பிறகு எழவில்லை.

2023 கிறிஸ்துமஸில், காசாவில் போர் நடந்தபோது, பெத்லகேமில் கொண்டாட்டங்கள் நிறுத்தப்பட்டன. அங்குள்ள லூத்தரன் கோயிலில் முந்தர் ஐசக் என்னும் போதகரின் சபை ஒரு குடில் வைத்தது. உடைந்த கான்கிரீட் கற்களின் குவியல். அதன் நடுவே, பாலஸ்தீனர் தலையிலும் தோளிலும் போடும் கட்டம்போட்ட துணியில் சுற்றிய குழந்தை. கூரை இல்லை. கிரேச்சோவுக்குப் பின் 800 ஆண்டு நிறைந்த அதே டிசம்பர். அந்த ஊருக்குக் கிடைத்த மண் அன்று அதுதான். அதைக் கொண்டு செய்தார்கள்.

தமிழ் வீடுகளில் ஜனவரி 6, மூவரசர் திருநாள் வரை குடில் இருக்கும். பிறகு பொம்மைகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்குவார்கள். முளைத்த கேழ்வரகு அதற்குள் பழுத்திருக்கும். கிராமத்து வீடென்றால் கூரை வைக்கோல் கொட்டிலுக்குப் போகும். கிரேச்சோ மக்களும் அந்த இரவின் வைக்கோலை எறியவில்லை. எடுத்துவைத்து, நோயுற்ற மாடுகளுக்குத் தின்னக் கொடுத்தார்கள் என்று தாமஸ் எழுதியிருக்கிறார்.