ராஜமலைக்கு ஒரு நாள்: கிளம்பும் முன் சில வார்த்தைகள்

(நமது சங்கக் கூட்டத்தில் பேசியது)

டிசம்பரில் இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குப் போகலாம் என்று பேச்சு வந்ததும், "சார், நீங்களே பிளான் போட்டுக் கொடுங்கள்" என்று செயலாளர் சொல்லிவிட்டார். எனக்கு அந்த யோக்கியதை இருக்கிறதா என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பணியில் இருந்தபோது ஒரு பிப்ரவரி மாதம் வீட்டம்மாவை அழைத்துக்கொண்டு அங்கே போனேன். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். வரையாடு குட்டி போடும் காலம் என்று பிப்ரவரி, மார்ச்சில் பூங்காவை மூடிவிடுவார்கள். இது எனக்குத் தெரியாது. கவுண்ட்டர் மூடியபின் வந்து கெஞ்சுபவர்களை முப்பது வருடம் திருப்பி அனுப்பியவன் நான். அன்று அதே நிலையில் நானே நின்றேன். மறையூர் வெல்லம் வாங்கிக்கொண்டு திரும்பினோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. இப்போது அவருக்கு முழங்கால் வலி. இந்த முறையாவது ஆட்டைக் காட்டிவிட வேண்டும்.

அதனால் டிசம்பர் முதல் வாரம், அதுவும் வேலை நாள். ஞாயிறு கேட்டவர்களின் வருத்தம் புரிகிறது. ஆனால் விடுமுறை நாள் கூட்டத்தில் போனால் பாதி நாள் வரிசையிலேயே போய்விடும். ஒரு நாள் லீவு போடுங்கள். டிக்கெட்டை ஆன்லைனில் முன்கூட்டியே எடுத்துவிடலாம்.

கோவையிலிருந்து காலை 4 மணிக்குக் கிளம்ப வேண்டும். பொள்ளாச்சி, உடுமலை, சின்னார், மறையூர் வழி. இந்த வழியில் போனால் மூணாறு ஊருக்குள் நுழைய வேண்டியதே இல்லை, பூங்கா வாசல் அதற்கு முன்பே வந்துவிடும். நம் வண்டி வாசலோடு சரி. அதற்கு மேல் வனத்துறை பஸ்தான். அது இறக்கிவிடும் இடத்திலிருந்து தார் ரோட்டில் நடக்க வேண்டும். தூரம் அதிகமில்லை, ஆனால் ஏற்றம். நம் பேஸ்மென்ட் ரேம்ப்பை மூச்சு வாங்காமல் நாலு தடவை ஏறி இறங்கிப் பாருங்கள். முடியாதவர்கள் பாதியில் நின்றுகொண்டாலும் நஷ்டமில்லை. ஆடு பல நாள் ரோட்டோரமே மேயும். இதயம், மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் பெயர் கொடுங்கள்.

வரையாடு நம் தமிழ்நாட்டின் மாநில விலங்கு. அதைப் பார்க்கக் கேரளாவுக்குப் போகிறோமே என்று சிரிக்காதீர்கள், இவை அதிகமாக இருக்கும் இடமே அதுதான். ஒருகாலத்தில் தேயிலைத் தோட்டத் துரைமார்கள் வேட்டைக்கு வைத்திருந்த மலை. 1975-ல் சரணாலயம், 1978-ல் தேசியப் பூங்கா. மனிதரைக் கண்டு ஓடாமல் நிற்கிறது என்பதற்காகத் தொடவோ, முறுக்கு நீட்டவோ கூடாது. பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிக் கூட்டி வாருங்கள். 2,695 மீட்டர் ஆனைமுடியைக் கீழிருந்து பார்க்கலாம், ஏற விடமாட்டார்கள். குறிஞ்சிப் பூ கேட்டவர்களுக்கு: கடைசியாக 2018-ல் பூத்தது, அடுத்தது 2030. அதற்குத் தனியாகக் கூட்டம் போடுவோம்.

பிளாஸ்டிக் பாட்டில், கவர் வேண்டாம். இட்லி எவர்சில்வர் டப்பாவில் வரட்டும். ஸ்வெட்டர், குடை இரண்டும் வேண்டும், மூடுபனி சொல்லிக்கொண்டு வராது. மலைப்பாதை வளைவுகளில் வாந்தி வருபவர்கள் முன் சீட்டை இப்போதே கேட்டு வையுங்கள்.

மதியம் இரண்டு மணிக்கு வண்டி திரும்பும். சின்னார் காட்டை இருட்டுவதற்குள் தாண்ட வேண்டும், அது யானை நடமாடும் இடம். டீ எஸ்டேட்டில் இன்னும் ஒரு போட்டோ என்று யாரும் இறங்கிவிடாதீர்கள்.

பெயர் எழுதும் நோட்டு வாட்ச்மேன் மேஜையில் இருக்கிறது. வீட்டு எண், வயது, போன் நம்பர் மூன்றையும் எழுதுங்கள். முதல் இரண்டு பெயர் ஏற்கெனவே எங்களுடையது.